சிவப்புக் கோடு வரை

உட்கார், பாலுச்சாமி. அந்த நாற்காலி வேண்டாம், அது மாப்பிள்ளை வீட்டார் உட்காருவது. அந்தப் படியில் உட்கார். மழைத் தண்ணீர் அங்கே வராது. டீ வரும்.

பழனியில் பதினைந்து வருஷம் குதிரை வண்டி ஓட்டினாய் என்று தரகர் சொன்னார். நல்லது. ஆனால் வண்டிக் குதிரை வேறு, கல்யாணக் குதிரை வேறு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். சுந்தரனை அப்புறம் பார்க்கலாம். பின்னால் கொட்டகையில் நிற்கிறான். எங்கே போய்விடப் போகிறான்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிரையின் காலைத் தொடக் கூடாது. குளிப்பாட்டு, சீவு, கழுத்தைக் கட்டிக்கொள். முழங்காலுக்குக் கீழே கை போகக் கூடாது. லாடம் அடிக்கிறவர் வந்தால் தொடுவார், அப்போது நான் பக்கத்தில் நிற்பேன். ஏன் என்று கேட்பாய். சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் நீயும் ஒருநாள் தொடுவாய்.

இப்போது நிற்கிறவன் இரண்டாவது சுந்தரன். பேர் வைத்தது முதலில் இருந்தவனுக்குத்தான். வெளியே பெரிய போர்டில் சுந்தரன் மேல் மாப்பிள்ளை ஊர்வலம் என்று எழுதியாகிவிட்டது, நோட்டீஸும் அடித்தாகிவிட்டது, அதனால் இவனும் சுந்தரன். குதிரைக்கு என்ன தெரியப் போகிறது?

என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த மண்டபத்தை நான் ஒருத்தியாக நடத்துகிறேன். இந்த பைபாஸில் மட்டும் ஏழு மண்டபம். எல்லோரிடமும் ஏசி இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. வெள்ளைக் குதிரை என்னிடம்தான் இருக்கிறது. அந்தியூர்ச் சந்தையில் நானே நின்று வாங்கினேன். பால் மாதிரி நிறம், மூக்கில் மட்டும் ரோஜாப்பூ மாதிரி ஒரு சிவப்பு. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் லேசில் கலங்குகிறவள் இல்லை, இங்கே யாரை வேண்டுமானாலும் கேள்.

குதிரை வந்த கையோடு அதைப் பார்த்துக்கொள்ள யாகப்பனும் வந்தான். ஊட்டியில் பந்தயக் குதிரை லாயத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். அங்கே ஆட்குறைப்பு செய்தபோது வெளியே வந்துவிட்டான். ஐம்பது வயசு இருக்கும். அதிகம் பேசமாட்டான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பேசாதவன் மனசுக்குள் என்ன நினைக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

வேலை செய்தானா என்றால், செய்தான். இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். காலையில் வந்ததும் குதிரையின் நான்கு குளம்பையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பான், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் குளம்புக்கு மேலே இரண்டு விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பான். என்னடா செய்கிறாய் என்றால் நாடி பார்க்கிறானாம். அப்புறம் லத்தியை எண்ணுவான். எண்ணுவதோடு விடாமல் ஒன்றை உடைத்து மோந்தும் பார்ப்பான். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன். குளம்பின் அடியில் ஒட்டியிருக்கிற மண்ணை ஒரு கொக்கியால் சுரண்டி எடுப்பான். ஒரு மணி நேரம் நடத்திக் கூட்டிக்கொண்டு போவான்.

தீனி விஷயத்தில்தான் மகா கஞ்சன். காய்ந்த புல்தான் முக்கால் பங்கு. கொஞ்சம் குதிரைமசால் தழை. ஊறவைத்த கொள்ளு இரண்டு கைப்பிடி, கோதுமைத் தவிடு ஒரு கைப்பிடி, நக்குவதற்கு ஒரு கல் உப்புக் கட்டி. அவ்வளவுதான். என் வீட்டுக்கு வந்த குதிரைக்குப் புல். தினமும் போய்த் தடவிக் கொடுப்பேன், விலா கையில் தட்டுப்படும். கேட்டால், "விலா கைக்குத் தட்டுப்படணுங்கம்மா, கண்ணுக்குத்தான் தெரியக் கூடாது" என்பான். இப்படி ஏதாவது ஒரு பதில் வைத்திருப்பான்.

போன வருஷம் தையில் காங்கயத்திலிருந்து ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அத்தை, உடம்பு முழுக்க நகை, சுந்தரனை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "குதிரை பட்டினி கிடந்த மாதிரி இருக்குதே, இங்க பந்தியும் இப்படித்தானுங்களா?" என்றாள். இருபது பேர் சிரித்தார்கள். என் மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு என் பந்தியைப் பற்றி. நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை தெரியுமா? இலையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாளே முடிவு செய்தேன். கல்யாணம் முடிந்தால் எவ்வளவு மிஞ்சுகிறது! சாதம், கேசரி, உடைந்த ஜாங்கிரி, லட்டு, பாயசத்தின் அடி. எல்லாம் நெய்யில் செய்தது. மனுஷன் சாப்பிடுகிறதை விட நல்ல சாப்பாடு எது? ஒரு பெரிய வாளி வாங்கினேன். உள்ளே சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அந்தக் கோடு வரை நிரப்பிச் சுந்தரனுக்கு வைக்கவேண்டும். கல்யாணம் இல்லாத நாளில் வெல்லம் போட்டு அரிசிக் கஞ்சி, அதே கோடு வரை. கோடு போட்டதே யாகப்பன் கஞ்சத்தனத்துக்குத்தான்.

அன்றைக்குத்தான் அவன் நிறையப் பேசினான். குதிரைக்கு உடம்பு பெரிசு, வயிறு சின்னதாம். வாந்தி எடுக்கத் தெரியாத பிராணியாம், உள்ளே போனது போனதுதானாம். சாதமும் இனிப்பும் குடலில் புளித்து, அந்தச் சூடு காலுக்கு இறங்குமாம். குளம்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கிற சதை வெந்து போகுமாம். சாப்பிட்டது வயிற்றுக்கு, வெந்து போவது காலாம். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்கம்மா. முன்னங்கால் ரெண்டையும் நீட்டிக்கிட்டுப் பின்னால சாஞ்சு நின்னுதுன்னா, அதுதான் மொத அடையாளம். அன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்திடணும். ஒரு நாள் தள்ளினாக்கூடப் போச்சு" என்றான்.

நீ என்ன டாக்டரா என்று கேட்டேன். இல்லைங்கம்மா என்றான். அப்படியானால் வாளியை எடு என்றேன். எடுத்துக்கொண்டு போனான்.

நான் நம்பினேன், பாலுச்சாமி. நான் செய்த ஒரே தப்பு அதுதான். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. நாலு மாசம் வாளி நிறைந்து போகிறது, காலியாக வருகிறது. குதிரை மட்டும் பழையபடியே. தடவினால் விலா தட்டுப்படுகிறது. ஓடியாடிக்கொண்டுதான் இருந்தான், பளபளவென்று இருந்தான், அதெல்லாம் சரி. ஆனால் சதை போடவில்லை.

ஆனி மாசம் ஒரு கல்யாணம் முடிந்து பின்பக்கம் போனேன். பாத்திரம் தேய்க்கிற ஐந்து பெண்களும் குழாயடியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் வாளி. சிவப்புக் கோடு போட்ட வாளி. பாப்பாத்தி என்கிற ஒருத்தி அதிலிருந்து லட்டு எடுத்துத் தூக்குப்போசியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். யாகப்பன் பக்கத்தில் நிற்கிறான்.

நாலு மாசமாக இதுதான் நடந்திருக்கிறது. குதிரைக்கு வைத்ததை இவளுகளுக்குக் கொடுத்திருக்கிறான். நெய் லட்டை! இவளுகள் வீட்டில் உட்கார்ந்து கேசரி தின்றிருக்கிறார்கள், என் சுந்தரன் புல் தின்றிருக்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

நான் கத்தவில்லை. கத்துவது என் பழக்கம் இல்லை. யாகப்பனை அந்தக் குழாயடிக் கல்லில் உட்காரச் சொன்னேன். வாளியை அவன் முன்னால் வைக்கச் சொன்னேன். சாப்பிடு என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "எனக்குச் சர்க்கரை இருக்குதுங்கம்மா. ஊசி போட்டுக்கறேன்" என்றான்.

"குதிரைக்கும் ஆகாதுன்னே. உனக்கும் ஆகாதா? அப்ப இத்தனை நாளா யாருக்குத்தான்டா ஆச்சு?" என்றேன்.

நல்ல கேள்விதானே?  பாப்பாத்தி எழுந்து வந்து, "நான் தின்னர்றனுங்கம்மா, அவர விட்டுருங்க" என்றாள். உன் பங்கை நாலு மாசமாகத் தின்றாகிவிட்டது, உட்கார் என்றேன். ஐந்து பேரையும் எழுந்து போகவிடவில்லை. பார்க்கட்டும். பார்த்தால்தான் புத்தி வரும். இவளுகளில் யாரையும் வேலையிலிருந்து நான் நிறுத்தவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் மூன்று முகூர்த்தம் இருந்தது.

பதினான்கு லட்டு. நான் எண்ணினேன். முதல் நாலு வேகமாகப் போனது. அப்புறம் தண்ணீர் கேட்டான். குதிரை தண்ணீர் கேட்டுத்தான் சாப்பிடுகிறதா என்று கேட்டேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரிப்பு வருகிற பேச்சுதான் அது. பதினான்காவதை வாயில் வைத்துக்கொண்டு முழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். சரி போதும், போ, நாளையிலிருந்து வராதே என்றேன். பாவம் பார்த்துத்தான் சொன்னேன். வாளியில் இன்னும் பாதி இருந்தது.

இனிமேல்தான் முக்கியமான இடம், கவனமாகக் கேள். கையைக் கழுவினான். நேராக வாசலுக்குப் போகவேண்டியவன் கொட்டகைக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். சுந்தரன் அவன் தோளில் மூக்கை வைத்தான். அவன் குனிந்து நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தொட்டான். நிதானமாக, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு. எழுந்து என்னிடம், "குளுகுளுன்னு இருக்குதுங்க. தினமும் காலைத் தொட்டுப் பாருங்கம்மா" என்றான். போய்விட்டான்.

வேலையை விட்டுத் துரத்தினவன் எவனாவது குதிரையின் காலைத் தொட்டுவிட்டுப் போவானா? அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அதற்கப்புறம் யாரையும் வைக்கவில்லை. வாட்ச்மேன் தண்ணீர் காட்டினான், கொட்டகையைக் கூட்டினான். தீனி மட்டும் நான். என் கையாலேயே. சாதத்தை நெய் விட்டுப் பிசைந்து உருட்டி உருட்டி வைப்பேன். என் பிள்ளைகளுக்குக்கூட நான் அப்படி ஊட்டினதில்லை, அப்போதெல்லாம் மண்டபத்து வேலையே சரியாக இருக்கும். இரண்டே வாரத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே கனைக்க ஆரம்பித்துவிட்டான். இனிப்பின் அருமை தெரிந்துவிட்டது. இத்தனை நாள் இதையா எனக்குக் கொடுக்காமல் வைத்திருந்தான் என்று என்னிடம் கேட்கிற மாதிரி இருக்கும்.

நாற்பது நாளில் ஆளே மாறிவிட்டான். கழுத்துக்கு மேலே சதை திரண்டு வரப்பு மாதிரி நின்றது. முதுகில் தண்ணீர் ஊற்றினால் நடுவில் ஓடுகிற மாதிரி ஒரு பள்ளம். விலாவா? எவ்வளவு அழுத்தினாலும் கிடையாது. நடத்திக் கூட்டிப்போகத்தான் ஆள் இல்லை, நடந்தால் சதை கரையும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆவணியில் பத்து நாளில் ஆறு கல்யாணம். ஆறு வாளி இல்லை, பன்னிரண்டு வாளி, ஏனென்றால் முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டிலும் மிஞ்சும். நாலாவது கல்யாணத்தன்று பார்க்கிறேன், சுந்தரன் முன்னங்கால் இரண்டையும் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, தலையைக் கொஞ்சம் தூக்கி நிற்கிறான். கோவில் தூணில் செதுக்கின குதிரை மாதிரி. அதுவரைக்கும் அவன் அப்படி நின்றதே இல்லை. போட்டோகிராபரைக் கூப்பிட்டேன். வாசலில் பெரிய போர்டு பார்த்தாயே, அதில் இருக்கிற போட்டோ அன்றைக்கு எடுத்ததுதான். அரை மணி நேரம் அசையாமல் நின்றான். அப்படிப் பழக்கினாற்போல் நிற்கிற குதிரையை நான் பார்த்ததே இல்லை என்றார் போட்டோகிராபர்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? டீ ஆறுகிறது, குடி.

ஆறாவது கல்யாணம். மாப்பிள்ளை நல்ல ஆகிருதி, நூறு கிலோவுக்குக் குறையமாட்டார். பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு முந்நூறு அடிதான். மாப்பிள்ளையை ஏற்றினார்கள், மேளம் அடித்தார்கள், சுந்தரன் நகரவில்லை. தள்ளினார்கள். ஒரு காலை எடுத்து வைத்தான், உடனே தூக்கிக்கொண்டான். தீ மிதிக்கிறவன்கூட நேராக நடப்பான். இவன் தார் ரோட்டில் அவ்வளவு பயந்து பயந்து வைக்கிறான். காங்கயத்து அத்தைக்குச் சொந்தக்காரர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், பாலுச்சாமி. எனக்கு வேறு வழி இல்லை. வாட்ச்மேனிடம் சொல்லிப் பின்னாலிருந்து பிரம்பால் நாலு போடச் சொன்னேன். கொழுப்பு ஏறினால் திமிர் வரும், அது மனுஷனுக்கும் உண்டு. நடந்தான். முக்கால் மணி நேரம் ஆனது, ஆனால் நடந்து முடித்தான். அவன் உடம்பெல்லாம் வேர்வை. மாப்பிள்ளையை இறக்கினதும் வாசலிலேயே, வாழைமரத்துக்குக் கீழே, படுத்துவிட்டான். ஜனங்கள் சுற்றிக்கொண்டு உள்ளே போகவேண்டியதாயிற்று.

மறுநாள் கால்நடை டாக்டர் வந்தார். முன்னங்காலைத் தூக்கிக் குளம்பின் அடியைக் காட்டினார். பிறை மாதிரி ஒரு வெடிப்பு. உள்ளே இருக்கிற எலும்பு கீழே இறங்கி, குளம்பைத் துளைத்துக்கொண்டு வந்துவிட்டதாம். என்ன தீனி கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். நெய்ச் சாதம், கேசரி, லட்டு, ஜாங்கிரி, எத்தனை வாளி, எந்தக் கோடு வரை. டாக்டர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். ஒரு குதிரையை அவ்வளவு செல்லமாக யாரும் வளர்த்து அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. அப்புறம், ஊசி போட்டு முடித்துவிடலாம், இது இனிமேல் நிற்காது, படுகிற வேதனை பெரிய வேதனை என்றார்.

இருபத்தேழாம் தேதி ஒரு முகூர்த்தம் இருந்தது. அதுவரை தாங்குமா என்று கேட்டேன். கேட்டது தப்பா? பத்திரிகையிலேயே குதிரை ஊர்வலம் என்று போட்டுவிட்டார்கள். அவர் பையை மூடினார். மூன்று நாள் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

வாட்ச்மேனை அனுப்பி யாகப்பனைக் கூட்டிவரச் சொன்னேன். அந்த அளவுக்கு நான் இறங்கி வந்தேன். அன்றைக்கு இங்கிருந்து போனவன் நேராக அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தானாம். லட்டு தின்றதற்கு ஆஸ்பத்திரி! இளைத்துப்போய், தடி ஊன்றிக்கொண்டு வந்தான். எனக்கு ஒரு கும்பிடு போடவில்லை. நேராகப் போய்ச் சுந்தரனின் தலைப்பக்கம் தரையில் உட்கார்ந்தான்.

ஆற்று மணல் கொண்டுவந்து குதிரைக்கு அடியில் மெத்தை மாதிரி பரப்பினான். ஐஸ்கிரீம் பெட்டியிலிருந்த ஐஸை எல்லாம் எடுத்து, சாக்கில் கட்டிக் காலில் வைத்தான். பாப்பாத்தியும் மற்றவளுகளும் தண்ணீர் சுமந்து கொண்டுவந்து கொட்டினார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே. மூன்று நாளும் குதிரை என்னைப் பார்த்துக் கனைக்கவே இல்லை. நான் லட்டு கொண்டுபோய் மூக்குக்கு நேராக நீட்டினேன், மூக்கைத் திருப்பிக்கொண்டான். யாகப்பன் பக்கத்தில் இருந்தான் இல்லையா? அதனால்தான்.

மூன்றாம் நாள் தலையைத் தூக்கவே முடியவில்லை. சரி என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். யாகப்பன் தலையை மடியில் வைத்துக்கொண்டான், டாக்டர் ஊசி போட்டார். முடிந்ததும் யாகப்பன் குதிரையின் கண்ணை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.

"காலைத் தொட்டுப் பாருங்கன்னு சொன்னேனேங்கம்மா?"

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. கால். அவன் போகும்போது தொட்ட அதே கால். வயிற்றில் வியாதி வரவில்லை, நெஞ்சில் வரவில்லை, அவன் கைவைத்த இடத்தில் வந்திருக்கிறது. அவனே தன் வாயால் சொல்லிவிட்டான்.

உடனே ஒரு முடிவுக்கு வருகிறவள் இல்லை நான். பொள்ளாச்சியில் குறி சொல்கிற ஒருவரிடம் போய்ப் பார்த்தேன். குதிரை செத்துப்போனது, காலில் வியாதி என்று மட்டும்தான் சொன்னேன். கண்ணை மூடினார். திறந்து, "செய்வினையைக் காலில்தான் வைத்திருக்கிறார்கள்" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் பார்! இப்போது கொட்டகையில் நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறேன். யாகப்பன் இந்தத் தெருவுக்குள் வரக் கூடாது. அவனுடைய ஒரு காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம், பாப்பாத்தி சொன்னாள். யார் யாருக்கு எது வைத்தாலும் திரும்பி வரும், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இந்த ஆடியில்தான் இப்போது நிற்கிற சுந்தரனை வாங்கினேன். நடுவில் ஒருத்தன் வேலைக்கு வந்தான், பதினோரு நாள் இருந்தான், ஏதேதோ பேசினான், போகச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து மறுபடியும் என் கைதான். ஆனால் எனக்கும் வயசாகிறது.

வா, பார்க்கலாம். குடையில் வா. பார்த்து வா, வழுக்கும்.

கொட்டகை எப்படி? மேலே இரண்டு மின்விசிறி. மூன்று மாசத்தில் எப்படிச் சதை போட்டிருக்கிறான் பார். கழுத்தைப் பார். என் சத்தம் கேட்டதும் காதைத் திருப்புகிறான் பார். டேய் சுந்தரா, இவர் பேர் பாலுச்சாமி.

நேற்றிலிருந்து ஒரு புது வித்தை கற்றுக்கொண்டிருக்கிறான். பார்த்தாயா? முன்னங்கால் இரண்டையும் நீட்டி, பின்னால் சாய்ந்து, தலையைத் தூக்கி. பெரியவனும் இப்படித்தான் நிற்பான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ராஜா மாதிரி இல்லை? நாளைக்குப் போட்டோகிராபரை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஏய், என்ன குனிகிறாய்? இவ்வளவு நேரம் யாருக்குச் சொன்னேன்? கையை எடு. காலிலிருந்து கையை எடு என்கிறேன்.

என்ன, சுடுகிறதா? இந்த மழையில் சுடுகிறது என்றால் உடம்பில் நன்றாக ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். எழுந்திரு. வாளி அந்த மூலையில் இருக்கிறது. இன்றைக்கு ஜாங்கிரி நிறைய மிஞ்சியிருக்கிறது, பாப்பாத்தியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வா. சிவப்புக் கோடு வரை.